தி. நகர் – கிளாம்பாக்கம்: படி ஏறாமல் போக வழி இருக்கா?

அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். மாதம் ஒருமுறை சென்னை கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் காலை 7 மணி வெளியூர் பஸ்ஸைப் பிடிக்கணும், கையில் ஒரு பெட்டியும் உண்டு.

மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறி வண்டலூர் போய்ப் பார்த்தாச்சு. பிளாட்பாரத்துக்கும் ரயிலுக்கும் உள்ள உயர வித்தியாசத்தில் கால் தூக்க முடியலை. ரயிலும் அரை நிமிஷம்தான் நிற்குது. சைதாப்பேட்டை மெட்ரோ வசதி: லிஃப்ட் இருக்கு, ரயில் பெட்டியும் பிளாட்பாரமும் ஒரே மட்டம். ஆனால் விமான நிலையத்தோடு முடிஞ்சிடுது. அதுக்கப்புறம் கிளாம்பாக்கம் போகும் ஜிஎஸ்டி சாலையில் வருவது பெரும்பாலும் உயரப் படி பஸ். கால் டாக்ஸி கட்டுப்படியாகலை.

தாழ்தளப் பேருந்து கிடைத்தால் போதும், நின்றதும் வாசல் பக்கம் சாய்ந்து கொடுக்கும்.

தி. நகர், கிண்டி, விமான நிலையம் இதில் எங்கிருந்து காலை 6 மணிக்குள் கிளாம்பாக்கத்துக்குத் தாழ்தளப் பேருந்து தவறாமல் வருது, தடம் எண் என்ன?