பழைய எஃப்-150 லைட்னிங் வாங்கலாமா? வீட்டில் பஞ்சாயத்து ஓடுகிறது

முருங்கைத்தோட்டம் (ஹூஸ்டன் பக்கம் கேட்டி, டெக்சஸ்):
வணக்கம் மக்களே. ஃபோர்டின் மின்சார பிக்கப் லாரி, 2023 மாடல் லைட்னிங், பெரிய பேட்டரி, ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். ஃபோர்டு இதன் தயாரிப்பை நிறுத்துவதாக 2025 டிசம்பரில் சொல்லிவிட்டது, புது வண்டிக்கான 7,500 டாலர் வரிச்சலுகையும் அதே வருஷம் செப்டம்பரோடு போச்சு, அதனால் பழையதே மேல் என்று தோன்றுகிறது. ஆபீஸ் போய்வர 44 மைல், வார இறுதியில் தோட்டத்துக்கு மண் மூட்டை, கோடையில் ஒருமுறையாவது டிரெய்லரை இழுத்துக்கொண்டு பிள்ளைகளோடு கொலராடோ போகவேண்டும் என்று நெடுநாள் ஆசை. கரண்ட் போனால் லாரியின் பேட்டரியிலிருந்தே வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாமாம். 2024 பெரில் புயலில் கரண்ட் போய் மூன்று நாள் இருட்டில் வெந்ததை வீட்டம்மா மறக்கவில்லை, ஆனாலும் "நமக்கு எதுக்கு இவ்வளவு பெரிய லாரி" என்கிறார். வைத்திருப்பவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், யூட்யூப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

சைப்ரஸ்காரன்:
அதே வண்டிதான் நம்மிடமும். பெரில் அடித்த திங்கட்கிழமை காலை கரண்ட் போனபோது பேட்டரி 92 சதவீதம். ஃப்ரிட்ஜ், இரண்டு ஃபேன், வைஃபை, ராத்திரி மட்டும் படுக்கையறைக்கு ஒரு ஜன்னல் ஏசி, எல்லாம் லாரியிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்துத்தான் ஓட்டினோம். வியாழன் மாலை கரண்ட் வந்தபோது 41. மொத்தம் 131 யூனிட் பிடிக்கும் பேட்டரியில் பாதிதான் போயிருந்தது, பக்கத்து வீட்டுக்காரர் அந்த நாலு நாளும் ஜெனரேட்டருக்கு பெட்ரோல் வாங்க வரிசையில் நின்றார். ஆனால் ஒன்று, வாங்குமுன் வெளியே கரண்ட் கொடுக்கிற 9.6 கிலோவாட் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள், சில வண்டிகளில் 2.4 தான், அதை வைத்துக்கொண்டு 240 வோல்ட் எதுவும் ஓட்ட முடியாது. அப்புறம் சாதாரண 120 வோல்ட் பிளக்கில் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், ராத்திரி முழுக்கப் போட்டாலும் 14, 15 யூனிட்தான் ஏறும், உங்கள் 44 மைலுக்கே 22 யூனிட் வேண்டும். எலக்ட்ரீஷியனை வரவழைத்து 240 லைன் போட்டே ஆகவேண்டும். மண் மூட்டையை முன்பக்க டிக்கியில் போடுங்கள், 400 பவுண்டு தாங்கும், அடியில் தண்ணீர் போக அடைப்பான் இருக்கிறது, கழுவிவிடலாம்.

ஹிட்ச்பந்து:
கொலராடோ ஆசையை மட்டும் கொஞ்சம் ஆறப் போடுங்கள் நண்பரே. என்னுடையது வேறு கம்பெனி லாரி, கதை ஒன்றுதான். 300 மைல் போகும் என்று திரையில் காட்டும், பின்னால் 25 அடி கேம்பர், அதாவது இழுத்துப்போகிற டிரெய்லர் வீடு, மாட்டினால் 140. எடைகூடப் பெரிய விஷயமில்லை, அந்தச் செவ்வகப் பெட்டி காற்றை முட்டித் தள்ளுவதுதான் கரண்டைக் குடிக்கிறது. நூறு சதவீதம் ஏற்றக் காத்திருக்கவும் முடியாது, பத்து சதவீதத்துக்குக் கீழே விடவும் பயம், ஆக நூறு மைலுக்கு ஒரு நிறுத்தம். ஹூஸ்டனிலிருந்து, கொலராடோ போகிற வழியில் இருக்கும் அமரில்லோவே 600 மைல், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதைவிட எரிச்சல் சார்ஜர் இருக்கும் இடம். கார் பார்க்கிங் மாதிரி மூக்கை உள்ளே விட்டு நிறுத்துகிற அமைப்பு, டிரெய்லரோடு நுழைய முடியாது. 102 டிகிரி வெயிலில் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஜாக்கியைச் சுற்றி, சங்கிலி கழற்றி, சார்ஜ் ஏறியதும் மனைவி கைகாட்டக் காட்டப் பின்னால் வந்து டிரெய்லரை மறுபடி லாரியின் இணைப்புப் பந்தில் உட்கார வைக்கவேண்டும். இரண்டாவது நிறுத்தத்திலேயே நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. இழுவைக்குத்தான் லாரி என்றால் டீசல்.

கறிவேப்பிலைக்கன்று:
இரண்டு பேரும் சுற்றி வளைக்கிறீர்கள், வீட்டம்மா கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. லைட்னிங் நீளம் 232.7 அங்குலம், அதாவது பத்தொன்பதரை அடிக்குச் சற்று குறைவு. பக்கக் கண்ணாடியோடு அகலம் 96 அங்குலம், ஒற்றைக் கார் ஷெட் கதவும் பல வீடுகளில் அதே 96தான், கண்ணாடியை மடக்காமல் உள்ளே போகாது. பேட்டரி கனத்தால் டயரும் சீக்கிரம் தேயும். டெக்சஸில் மின்வண்டிக்கு வருஷம் 200 டாலர் தனிக் கட்டணம் வேறு. முதலில் டேப் எடுத்து கேரேஜை அளந்து பாருங்கள் அண்ணா. இதையாவது சின்னது என்று சொல்லலாம், ஹம்மர் மின் லாரியின் பேட்டரி மட்டுமே நம்ம ஊர் ஸ்விஃப்ட் காரைவிட கனம், அதை ஓட்டிக்கொண்டு சுற்றுச்சூழல் பேசுகிறவர்களிடம் எனக்குப் பேச்சே வராது.

முருங்கைத்தோட்டம்:
அளந்தேன். உள்ளே 238 அங்குலம், ஆனால் கடைசிச் சுவரை ஒட்டி இரண்டாவது ஃப்ரிட்ஜ் நிற்கிறது, அது 30 அங்குலம் தின்கிறது. இட்லி மாவு, மீன், தேங்காய்த் துருவல் எல்லாம் அதில்தான், எடுக்க முடியாது என்று உத்தரவு. கொலராடோவுக்கு வேண்டுமானால் வாடகை வண்டி பார்த்துக்கொள்கிறேன்.

சைப்ரஸ்காரன்:
புயல் வந்தால் அந்த ஃப்ரிட்ஜைக் காப்பாற்றத்தானே லாரி வாங்குகிறீர்கள்! டிரைவ்வேயில் நிறுத்துங்கள், சார்ஜரை வெளிச்சுவரில் மாட்டலாம், என்னுடையது இரண்டு வருஷமாக மழையில்தான் நனைகிறது.

முருங்கைத்தோட்டம்:
இதை வீட்டம்மாவிடம் காட்டினேன். "அப்போ முதலில் ஜன்னல் ஏசி வாங்கு" என்கிறார். சனிக்கிழமை வண்டியைப் பார்க்கப் போகிறோம், அவரும் வருகிறார், டேப்போடு.