பூச்சி மாத்திரை குடுத்தாலே வாந்தி பேதி, எதுவும் வயித்துக்கு ஒத்துக்காத நாய்க்கு என்ன குடுக்கலாம்?

கருப்பன்_வீட்டுக்காரன்:
வணக்கம், மதுரைப் பக்கம் கிராமம். எங்க கருப்பன் நாட்டு நாய், 3 வயசு, 28 கிலோ இருப்பான். சின்னதுல இருந்தே வயிறு சரியில்ல, சாப்பாட்ட கொஞ்சம் மாத்துனாலே தண்ணியா போவான். போன மாசம் மெடிக்கல்ல வாங்கி பூச்சி மாத்திரை (பிராசிகுவான்டல், பைரான்டல், ஃபெபான்டல் மூணும் சேந்தது) குடுத்தேன், அஞ்சு நிமிஷத்துல நுரை நுரையா எச்சில் வடிச்சு வாந்தி, அப்புறம் ரெண்டு நாள் பேதி. சரி பூச்சியாவது போச்சேன்னு இருந்தா இப்ப 20 நாள் கழிச்சு திரும்ப வந்துருச்சு. மறுபடி அதையே குடுக்க பயமா இருக்கு. வயித்துக்கு சாஃப்டா எதாவது இருக்கா?

பண்ணை_செல்வம்:
மாட்டுக்குப் போடுற ஐவர்மெக்டின் ஊசில கொஞ்சூண்டு போட்டு விடுங்க ப்ரோ, வயித்துக்கே போகாது. இல்லேன்னா பூண்டும் வேப்பங்கொழுந்தும் அரைச்சு உருட்டிக் குடுங்க, எங்க தாத்தா அதான் குடுப்பாரு.

ஆறுநாய்_அக்கா:
செல்வம் தம்பி, ரெண்டும் வேணாம். மாட்டு ஊசி கெட்டியான மருந்து, நாய்க்குச் சொட்டுக் கணக்குல கூடிப்போனாலே ஆபத்து, கோலி (Collie) மாதிரி நாய் சாதிக்கு உயிருக்கே வந்துரும். பூண்டு நாய்க்கு ரத்தத்தக் கெடுக்கும்.

கருப்பன் தம்பி, நாலு விஷயம் சொல்லுங்க. வந்த பூச்சி பாக்க எப்படி இருந்துச்சு? எத்தன மாத்திரை? எதுல கலந்து குடுத்தீங்க? 28 கிலோன்னு எப்படித் தெரியும்?

கருப்பன்_வீட்டுக்காரன்:
அக்கா, பின்னாடி முடியில சோத்துப் பருக்கை மாதிரி ஒட்டியிருக்கு, ஒண்ணு ரெண்டு நெளியுது, காஞ்சா எள்ளு மாதிரி ஆயிடுது. 10 கிலோவுக்கு 1ன்னு போட்டிருந்துச்சு, அதான் 3 குடுத்தேன். காலைல வெறும் வயித்துல பொடி பண்ணி ஒரு டம்ளர் பால்ல கரைச்சு ஊத்துனேன். எடை சும்மா கண்ணளவுதான்...

ஆறுநாய்_அக்கா:
அட, பால்லயா 😅 அந்த மாத்திரை எட்டிக்காய் கசப்பு, பொடி பண்ணா நாக்கு பூரா பரவி நுரை தள்ளத்தான் செய்யும். அது விஷம் இல்ல, கசப்பு. நிறைய வளந்த நாய்க்குப் பாலே செரிக்காது, பேதிக்கு அதுவே போதும். வெறும் வயிறும் தேவையில்ல, நம்ம ஆளுங்க பேதி மருந்து குடுக்குற மாதிரி நெனச்சுக்கிட்டு பட்டினி போடுறாங்க. முதல்ல எடை பாருங்க, அவனத் தூக்கிக்கிட்டு மெஷின்ல ஏறி நில்லுங்க, அப்புறம் நீங்க மட்டும் ஏறி கழிச்சுப் பாருங்க.

தோட்டத்துவீடு:
எங்க லேப்ரடார் நாய்க்கும் இதே கதைதான், டாக்டர் ஃபென்பென்டசோல்னு வேற பூச்சி மருந்து எழுதுனாரு, 3 நாள் சாப்பாட்டுல கலந்து குடுத்தோம், வாந்தியே இல்ல. அத ட்ரை பண்ணுங்க.

வெட்_ஃபைனல்இயர்:
ஃபென்பென்டசோல் நல்ல மருந்துதான், உருண்டைப்புழு கொக்கிப்புழு சாட்டைப்புழுக்கு கேக்கும். ஆனா கருப்பனுக்கு வர்றது பருக்கை மாதிரி, அது அனேகமா தெள்ளுப்பூச்சி மூலமா வர்ற நாடாப்புழு, அதுக்கு ஃபென்பென்டசோல் கேக்காது. பிராசிகுவான்டல்தான் வேணும். கழுத்துல விடுற உண்ணி மருந்த மட்டும் நம்பியும் இந்தப் புழுவ விரட்ட முடியாது. நீங்க குடுத்த மாத்திரை தப்பே இல்லண்ணே, இடையில காணாமப் போச்சுன்னா வேலையும் செஞ்சிருக்கு. திரும்ப வந்தது புதுசு. நாய் கடிச்சு சொறியும்போது தெள்ள முழுங்கிரும், தெள்ளுக்குள்ள இருக்குற புழு நாய் வயித்துல வளந்து ரெண்டு மூணு வாரத்துல பருக்கைய வெளிய விட ஆரம்பிச்சிரும், உங்க 20 நாள் கணக்கு அதான். தெள்ள ஒழிக்காம வருசம் பூரா மாத்திரை குடுத்தாலும் இதே கததான்.

ஒரு டெஸ்ட் பண்ணுங்க. பேன் சீப்பால வாலடி முதுகுல வாரி, வர்ற கருப்புத் தூள நனைச்ச வெள்ளத் துணில தட்டுங்க. செவப்பா கரைஞ்சா அது தெள்ளு குடிச்ச ரத்தம்.

இன்னொண்ணு, இப்ப பேதி இருந்தா அது நின்னப்புறம் குடுங்க. மலம் தார் மாதிரி கருப்பாவோ, ஈறு வெளுத்தோ இருந்தா மாத்திரை ஆராய்ச்சி எல்லாம் வேணாம், அன்னிக்கே கால்நடை ஆஸ்பத்திரிக்கு போங்க, கொக்கிப்புழு ரத்தத்த உறிஞ்சிரும். போகும்போது அன்னிக்கு போன மலத்துல கொஞ்சம் டப்பால எடுத்துட்டுப் போங்க. டாக்டர்கிட்ட போன தடவ வாந்தி எடுத்தத மறக்காம சொல்லுங்க, தெள்ளு மருந்தும் அங்கயே எடைக்கேத்த மாதிரி கேட்டு வாங்குங்க.

கருப்பன்_வீட்டுக்காரன்:
அப்டேட். எடை பாத்தேன், வெறும் 19 கிலோ! நான் 9 கிலோ கூட்டிக் குடுத்திருக்கேன் 🤦 துணி டெஸ்ட் பண்ணுனா செவப்பு கோடு கோடா இழுவுது. அவன் படுக்குற சாக்க உதறுனேன், தத்தி தத்திக் குதிக்குது, அப்படியே கொண்டுபோய் எரிச்சுட்டேன். டாக்டர்கிட்ட காட்டுனேன், அதே மாத்திரைதான் 2 எழுதுனாரு, தெள்ளுக்குத் தனியா மருந்து.

ராத்திரி சோறு போட்டு அரை மணி நேரம் கழிச்சு, பொடி பண்ணாம முழுசா வேகவெச்ச கோழித்துண்டுக்குள்ள சொருகி குடுத்தேன், முதல் துண்டு வெறும் கோழி, ரெண்டாவது மூணாவதுல மாத்திரை, நாலாவது திரும்ப வெறும் கோழி. மெல்லக்கூட இல்ல, அப்படியே முழுங்கிட்டான். வாந்தி இல்ல, மறுநாள் ஒரு தடவ மட்டும் கொஞ்சம் இளகலா போனான், சாயங்காலம் கெட்டியாயிடுச்சு.

பக்கத்து வீட்டுப் பூனை தெனமும் எங்க திண்ணைலதான் தூங்குது, அதுலயும் தெள்ளு இருக்குமோ?

வெட்_ஃபைனல்இயர்:
கண்டிப்பா இருக்கும்ணே. நாய்க்கு வாங்குன தெள்ளு மருந்த மட்டும் பூனைக்கு விட்றாதீங்க, அதுல பெர்மெத்ரின்ங்கற மருந்து இருந்தா பூனை செத்தே போகலாம். பூனைக்குன்னு தனியா கேட்டு வாங்குங்க.

கருப்பன்_வீட்டுக்காரன்:
நல்லவேளை கேட்டேன். அந்த வீட்டு அத்தைகிட்ட இப்ப எப்படிச் சொல்றதுன்னுதான் யோசிக்கிறேன், ஏற்கெனவே உங்க நாயால தான் எங்க பூனைக்கு சொறியுதுன்னு சண்ட...