டிரான்ஸ்ஃபர்: 'தொடர்சவாரி' என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். பஸ், ரயில் பயண அட்டைக் கையேட்டுக்குத் தமிழ்ச் சொற்கள் தேடுகிறோம். ஒரு வண்டியில் இறங்கி அடுத்ததில் ஏறுவதை அட்டை ஒரே பயணமாகக் கணக்கிடும் 'டிரான்ஸ்ஃபர்'க்கு நீங்கள் சொன்ன சொற்களுக்கும் கேட்ட கேள்விகளுக்கும் இது என் பதில்.

> 'டிரான்ஸ்ஃபர்' என்பதற்கு 'இடமாற்றம்' ஏற்கெனவே இருக்கிறதே. பயண அட்டைக்கென்று தனிச்சொல் எதற்கு?

இடமாற்றம் என்றதும் வேலையில் வரும் மாற்றல் உத்தரவுதான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். அடுத்து வந்த 'பரிமாற்றம்' இன்னும் குழப்பும். பழுதான அட்டையில் மிச்சமிருக்கும் பணத்தைப் புது அட்டைக்கு மாற்றுவதையும் பரிமாற்றம் என்றுதான் எழுத வேண்டியிருக்கும். ஒரே கையேட்டில் ஒரே சொல் இரண்டு வேலை செய்தால் படிப்பவர் தடுமாறுவார். 'வண்டி மாறுதல்' நல்ல சொல், எல்லார் வாயிலும் புழங்குவது. பயணி செய்வதைக் குறிக்க அதை அப்படியே வைத்துக்கொள்வோம். அட்டை செய்வதற்கு மட்டும் அது பெயராகாது. அட்டைக்குள் நடப்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்த்தால் காரணம் விளங்கும்.

பஸ்ஸில் ஏறி அட்டையைக் கருவியில் தொடுகிறோம். கருவி 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அட்டைக்கு மின்சாரமும் ஊட்டுகிறது, அதனோடு பேச்சும் நடத்துகிறது. அட்டையில் இடம் மிகக் குறைவு. பல நகரங்கள் நெடுநாள் பயன்படுத்திய மைஃபேர் கிளாசிக் 1கே வகையில் மொத்தமே 1024 பைட்தான். அது 16 பிரிவுகளாகவும், ஒவ்வொரு பிரிவும் 16 பைட் கொண்ட நான்கு கட்டங்களாகவும் பிரிந்திருக்கும். அதில் தகவலைப் பூட்டும் ரகசிய எண்களான சாவிகளுக்கும் நிர்வாகத் தகவலுக்கும் போக மிஞ்சிய இடத்தில்தான் மீதித் தொகை, கடைசியாகத் தொட்ட நேரம், வழித்தட எண், ஏறிய நிறுத்தம், இதுவரை கழித்த கட்டணம் போன்றவற்றைச் சுருக்கக் குறிகளாக எழுதிவைக்க வேண்டும். இறங்கும்போது மறுபடி தொட்டால் இறங்கிய நிறுத்தமும் நேரமும் பதிவாகும்.

பிறகு நடந்துபோய் ரயில் நிலைய வாயிலில் தொடுகிறோம். நாம் பஸ்ஸில் வந்த விஷயம் அந்த வாயிலுக்குத் தெரியாது. பஸ்ஸில் உள்ள கருவி அன்றைய பதிவுகளைப் பணிமனைக்குத் திரும்பிய பிறகே மையக் கணினிக்கு அனுப்பும் என்றிருந்த காலத்தில் உருவான ஏற்பாடு இது. ஆகவே பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் நடுவே தூது போவது அட்டைதான். வாயில் அதன் கடைசிப் பதிவைப் படிக்கிறது. இறங்கிய நேரத்தைத் தன் கடிகாரத்தோடு ஒப்பிடுகிறது. இது எத்தனையாவது முறை ஏறுவது, முன்பு வந்தது எந்த வழித்தடம் என்று பார்க்கிறது. இவ்வளவும் ஒரே கேள்விக்கு விடை காணத்தான்: இப்போது தொட்டது புதுப் பயணமா, பழைய பயணத்தின் தொடர்ச்சியா? பின்னால் வரிசை நிற்கிறது, ஆகையால் படிப்பது, கணக்குப் போடுவது, திரும்ப எழுதுவது எல்லாம் ஒரு விநாடிக்குள் முடிந்தாக வேண்டும். ஜப்பானின் சுயிகா என்ற பயண அட்டைக்கான வாயில்களுக்கு வைத்திருக்கும் அளவு 0.2 விநாடி.

நாம் வண்டி மாறியதை எந்தக் கருவியும் பார்ப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். அதற்குத் தெரிவதெல்லாம் தொடல்கள் மட்டும். இரண்டு தொடல்களைச் சேர்த்துத் தைப்பதா வேண்டாமா என்பதுதான் அதன் முடிவு. மாறுதல் ஒன்று, தொடர்தல் வேறு. நடைமுறையில் இவை இரண்டும் அடிக்கடி பிரிந்தே போகின்றன.

லண்டனைப் பாருங்கள். 2016 செப்டம்பரில் அங்கே வந்த 'ஹாப்பர்' கட்டணத்தில், முதல் பஸ்ஸில் தொட்டதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏறும் அடுத்த பஸ்ஸுக்குக் காசு கிடையாது. 2018 தொடக்கத்திலிருந்து அந்த ஒரு மணிக்குள் எத்தனை பஸ் வேண்டுமானாலும் ஏறலாம், நடுவில் ரயிலில் போய்வந்தாலும் சலுகை போகாது. ஆனால் பஸ்ஸிலிருந்து இறங்கிச் சுரங்க ரயிலில் ஏறினால் ரயிலுக்குத் தனிக் கட்டணம். பயணி வண்டி மாறியிருக்கிறார், அட்டையோ அதை இரண்டு பயணமாக எண்ணுகிறது. இதற்குமேல் வாங்குவதில்லை என்ற கட்டண உச்சவரம்புதான் அவர் பையைக் காக்கிறது. இதே ஊரில் தலைகீழாகவும் நடக்கும். குறிப்பிட்ட சில நிலைய இணைகளில், ஒரு நிலையத்தின் வாயிலைத் தாண்டி வெளியே வந்து தெருவில் நடந்து மற்றதில் நுழைந்தால், குறித்த நேரத்துக்குள் போய்விட்டால், அவர் வெளியே வரவே இல்லை என்பதுபோல் ஒரே பயணமாகக் கணக்காகும்.

சிங்கப்பூரில் வேறொரு விதி. ஒரு பயணத்தில் ஐந்து முறை வரை வண்டி மாறலாம். ஆனால் இறங்கிய அதே எண் பஸ்ஸில் மறுபடி ஏறினால் அது தொடர்ச்சி ஆகாது. போன வேலையை முடித்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்புபவர் ஒரே கட்டணத்தில் இரண்டு பயணம் போய்விடக் கூடாது என்பதற்கான தடுப்பு இது. தூக்கத்தில் நிறுத்தத்தைத் தவறவிட்டு இறங்கி, அதே எண்ணில் ஏறுபவரும் இதில் மாட்டிக்கொள்வார். அவர் எண்ணத்தில் அது ஒரே பயணம்தான், ஆனால் எண்ணத்தைப் பதிய அட்டையில் இடமில்லை.

எனவே என் பரிந்துரை: ஒரு வண்டியில் ஏறி இறங்குவது வரை 'சவாரி'. புறப்பட்ட இடத்திலிருந்து சேருமிடம் வரை உள்ள முழுமை 'பயணம்'. முந்தைய சவாரியோடு சேர்த்துக் கணக்கிடப்படும் சவாரி 'தொடர்சவாரி'.

இந்தப் பிரிப்பு கட்டணக் கணக்கை விளக்கவும் உதவுகிறது. சியோலில் 2004 ஜூலை 1 முதல் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் சேர்த்து மொத்தத் தூரத்துக்குக் கட்டணம் வாங்குகிறார்கள். முதல் 10 கிலோமீட்டருக்கு அடிப்படைக் கட்டணம், அதற்குமேல் ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் கொஞ்சம் கூடும். பஸ்ஸில் 4 கிலோமீட்டர், ரயிலில் 5 கிலோமீட்டர் போனால் மொத்தம் 9. ரயிலின் அடிப்படைக் கட்டணம் பஸ்ஸைவிட அதிகமானால் அந்த வித்தியாசத்தை மட்டும் அட்டையிலிருந்து கழிப்பார்கள், இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. பஸ்ஸில் 7, ரயிலில் 6 என்றால் 13 ஆகிறது, ஆக ஒரு படி கூடும். எங்கே இறங்குவார் என்று தெரியாததால், அந்தக் கூடுதல் ரயிலிலிருந்து வெளியேறும் வாயிலில்தான் கழியும். 'இலவச மாற்றம்' என்று இங்கே ஒருவர் எழுதியது இதனால்தான் பொருந்தவில்லை. தொடர்சவாரிக்குப் பல ஊர்களில் காசு உண்டு. புதுப் பயணத்துக்கு ஆவதைவிடக் குறைவு, அவ்வளவுதான்.

நேரத்துக்கு ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும். சியோலில் இறங்கியதிலிருந்து 30 நிமிடத்துக்குள் அடுத்த வண்டியில் ஏற வேண்டும், இரவில் ஒரு மணி நேரத்துக்குள். நெதர்லாந்தின் ஓவி-சிப்கார்ட் என்ற பயண அட்டையில் இறங்கித் தொட்டதிலிருந்து 35 நிமிடத்துக்குள் ஏறினால் அடிப்படைக் கட்டணம் மறுபடி விழாது. இங்கெல்லாம் கடிகாரம் ஓடத் தொடங்குவது இறங்கும்போது. லண்டன் பஸ்ஸில் இறங்கும்போது தொடுவதே இல்லை, அதனால் அங்கே கடிகாரம் ஏறும்போதே ஓடத் தொடங்கிவிடும். நெரிசலில் பஸ் ஊர்ந்தால் நட்டம் பயணிக்கு. சிங்கப்பூரில் இரண்டும் உண்டு: ஒவ்வொரு முறை மாறவும் 45 நிமிடம், மொத்தப் பயணத்துக்கு 2 மணி நேரம். முதலாவதற்கு 'மாறும் அவகாசம்', இரண்டாவதற்கு 'பயண அவகாசம்' என்று வைக்கலாம். 'அவகாசம்' கொடுக்கப்படுவது, தீர்ந்துபோவது. விதியின் இயல்பும் அதுதான். 'கால இடைவெளி' வெறும் அளவாக நின்றுவிடுகிறது.

> 'தொடரேற்றம்' இன்னும் தமிழாக இருக்குமே?

நானும் அதை விரும்பினேன். ஆனால் கட்டணம் பற்றிய வாக்கியத்துக்குள் 'ஏற்றம்' வந்தாலே விலை கூடியதாகத்தான் படிப்பார்கள். 'தொடரேற்றக் கட்டணம்' என்று ஒரு பலகையில் எழுதிப் பாருங்கள், தொடர்ந்து கட்டணத்தை ஏற்றுகிறார்கள் என்று சண்டைக்கு வருவார்கள். அட்டையில் பணம் ஏற்றுவது வேறு இருக்கிறது.

> சவாரி தமிழா? 'தொடர்பயணம்' என்றால் என்ன?

பயணம் என்பதை முழுமைக்கு ஒதுக்கிவிட்டோம். அதையே துண்டுக்கும் வைத்தால் 'ஒரு பயணத்தில் மூன்று பயணங்கள்' என்று விதி எழுத வேண்டிவரும். சவாரி வெளியிலிருந்து வந்த சொல்தான். ஆனால் ஆட்டோக்காரர் 'சவாரி கிடைத்ததா' என்று கேட்கும்போது அது ஏறி இறங்குவது வரை உள்ள ஒரு ஓட்டத்தையே குறிக்கிறது. நமக்கு வேண்டிய பொருள் அச்சாக அதுவே. வாய்க்கு வந்த சொல்லை விட்டுவிட்டு அகராதியில் தேடினால், நாம் ஆக்கியது பட்டியலிலேயே தங்கிவிடும்.

'தொடர்வண்டி' ரயிலைக் குறிப்பதால் தொடர்சவாரியை ரயில் சவாரி என்று நினைத்துவிடுவார்கள் என்ற அச்சத்தை மதிக்கிறேன். தொடர்கதை, தொடர்கல்வி என்று படித்துப் பழகியவர்கள் இதையும் சரியாகவே படிப்பார்கள் என்பது என் நம்பிக்கை. இதுவும் அவைபோல வினைத்தொகை, ஒற்று மிகாது. 'தொடர்ச்சவாரி' என்று எழுதிவிட வேண்டாம்.

இன்னொரு சோதனையும் வைத்துப் பார்த்தேன். சியோல் பஸ்ஸில் இரண்டாவது வண்டியில் ஏறித் தொட்டால் கருவி 'ஹ்வான்சுங்இம்னிதா' என்று சொல்லும். 'இது வண்டி மாறுதல்' என்று பொருள். பயணி உள்ளே நகர்வதற்குள் காதில் விழ வேண்டிய சொல் அது. 'ஊர்திமாற்றக் கட்டணச் சலுகை' என்று கருவி சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவர் தொட்டுவிடுவார். 'தொடர்சவாரி' ஒரே மூச்சில் முடிகிறது.

கணக்கு அட்டையில் நடக்காத இடங்களிலும் இது பொருந்தும். 2014 முதல் லண்டன் சுரங்க ரயிலில் வங்கி அட்டையையே தொட்டுப் போகலாம். வாயில் நேரத்தையும் இடத்தையும் மட்டும் குறித்து அனுப்பும். எந்தத் தொடல் எந்தப் பயணத்தைச் சேர்ந்தது என்று மையக் கணினி பிறகு கோத்துப் பார்த்து, நாள் முடிவில் கட்டணம் வாங்கும். அந்த வேலையை 'மாற்றம்' என்று சொன்னால் யார், எங்கே, எதை மாற்றினார் என்ற கேள்வி வரும். தொடர்சவாரிக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஒன்று மட்டும் பாக்கி. இறங்கும்போது தொடாமல் போய்விட்டால் சிங்கப்பூர் பஸ்ஸில் வழித்தடக் கடைசி வரைக்கும் கட்டணம் விழும். சியோலில் அடுத்த சவாரி தொடர்சவாரி ஆகாது. அப்படி ஒரு முனை திறந்தே கிடக்கும் பதிவுக்கு 'முடியாச் சவாரி' என்று வரைவில் எழுதியிருக்கிறேன். 'இயலாத' என்ற பொருளும் அதில் எட்டிப்பார்ப்பதால் மனம் ஒப்பவில்லை. 'மூடாச் சவாரி'யும் சரிப்படவில்லை. இதைவிடப் பொருந்துவது தோன்றினால் எழுதுங்கள், மற்ற ஐந்தையும் இப்படியே பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.