வான்கோவின் கடிதம்: படிப்பதா, பார்ப்பதா?

மைக்கூடு: 1888 அக்டோபர் 17 அன்று பிரான்சின் ஆர்ல் நகரிலிருந்து ஓவியர் வான்கோ, சக ஓவியர் கோகனுக்குப் பிரெஞ்சில் எழுதிய கடிதம் நியூயார்க்கில் மார்கன் நூலகத்தில் இருக்கிறது. தன் படுக்கையறை ஓவியத்தை அதில் கோட்டுப்படமாக வரைந்து காட்டியிருக்கிறார். அந்தத் தாளையே ஓர் ஓவியமாகப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனாலும் சாய்ந்து ஓடும் அந்த எழுத்திலிருந்து கட்டிலுக்கும் நாற்காலிக்கும் கண் தானாக இறங்குகிறது.

கரிசல்: மொழி தெரியாமல் ரசித்தால் கடிதம் அலங்காரப் பொருளாகிவிடும். அந்தக் கோட்டுப்படத்தில் நிறமே கிடையாது. சுவர் வெளிர் ஊதா, கட்டில் குரோம் மஞ்சள், போர்வை இரத்தச் சிவப்பு, ஜன்னல் பச்சை என்று எல்லாவற்றையும் எழுத்தில்தான் சொல்கிறார். ஆம்ஸ்டர்டாமில் உள்ள ஓவியத்தில் இன்று சுவர் நீலமாகத் தெரிகிறது. ஊதாவில் கலந்திருந்த சிவப்பு நிறமி வெளிறிப்போய்விட்டது. அவர் நினைத்த சுவரைப் பார்க்க வேண்டுமென்றால் கடிதத்தைப் படித்தாக வேண்டும்.

மைக்கூடு: படிக்க வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? வடிவத்தைக் கோட்டில் வைத்தார், நிறத்தைச் சொல்லில் வைத்தார். இரண்டும் ஒரே தாளில் இருக்கின்றன. எழுத்தை வெட்டியெறிந்துவிட்டுப் படத்தை மட்டும் புத்தகத்தில் போடுகிறார்களே, அதுதான் எனக்கு ஆத்திரம். வெறும் அச்செழுத்தாகக் கடிதத்தைப் போடுவதும் அதே குறைதான்.

கரிசல்: அந்த அச்செழுத்தால்தான் உலகம் வான்கோவைப் படித்தது. தம்பி தியோவுக்கு அவர் எழுதியவற்றைத் தியோவின் மனைவி யோஹன்னா 1914இல் தொகுத்து வெளியிட்டார். கையெழுத்தின் அழகுக்காகவா அவர் அவ்வளவு பாடுபட்டார்? அப்புறம், கோகனுக்கு எழுதியது நண்பருக்குச் சேதி சொல்ல. கண்காட்சிக்கு அல்ல.

மைக்கூடு: கண்காட்சிக்கு எழுதவில்லை, சரி. ஆனால் வாங்கிப் பார்த்தவர் ஓர் ஓவியர். கோகன் அதே மாதம் 23ஆம் தேதி ஆர்லுக்கு வந்துவிட்டார். சேதி மட்டும்தான் என்றால் நாலு வரி போதுமே, வரைவானேன்?

தாழை: மூலத்தாள்கள் வெளிச்சம் பட்டால் கெடும் என்பதால் அருங்காட்சியகங்கள் அபூர்வமாகத்தான் வெளியே வைக்கின்றன. ஆனால் வான்கோ அருங்காட்சியகம் 2009இல் கடிதங்களை இணையத்தில் இலவசமாக ஏற்றியது. தாளின் படமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இருவரும் அங்கே போய்ப் பாருங்கள்.

கரிசல்: போவேன். முதலில் மொழிபெயர்ப்பைப் படிப்பேன், அப்புறம்தான் தாள்.