மிமாலேண்டுக்குப் போன பேருந்து

தொடக்கப் பகிர்வு: மூன்றாம் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) வளர்ந்தவர், இப்போது காப்பாரில்

சிலாங்கூர் மாநிலத்தில் பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் அழைத்து வளர்ந்த ஊருக்கு 2007-ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்டது. நான் சொல்லப்போவது அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முந்திய செய்தி என்பதால் பழைய பெயரையே வைத்துக்கொள்கிறேன். இவ்வட்டாரத் தோட்டங்களில் பிறந்து, தோட்டங்கள் கைமாறிய பிறகு காப்பார், ராவாங், சுங்கை பூலோ என்று பல திசைகளுக்குப் போய்விட்ட நாம், சிறு வயதில் போய்வந்து இன்று மூடப்பட்டுவிட்ட கேளிக்கைப் பூங்காக்களைப் பற்றி நினைவில் உள்ளதை எழுதி வைக்கலாம் என்று நினைக்கிறேன். முதலில் நானே எழுதிவிடுகிறேன்.

1986-ஆம் ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் எங்கள் தோட்டத்து மணிமன்றம் என்னும் இளைஞர் அமைப்பின் அண்ணன்மார் ஒரு பேருந்து பேசினார்கள். பெரியவர்களுக்கு 5 வெள்ளி (ரிங்கிட்), பிள்ளைகளுக்கு 2 வெள்ளி. கையில் பணம் இல்லாதவர்கள் சம்பள நாளன்று கொடுத்தால் போதும் என்று லயம் லயமாகப் போய்ச் சொன்னார்கள். காலையில் பத்துமலை, பிற்பகலில் கோம்பாக்கில் உள்ள மிமாலேண்ட் என்பது திட்டம். மலேசியாவையே சிறு வடிவில் காட்டும் நிலம் என்ற பொருளில் அமைந்த பெயரின் சுருக்கம்தான் மிமாலேண்ட் என்பதும், 1975-இல் திறக்கப்பட்ட அதுவே இந்நாட்டின் முதல் கேளிக்கைப் பூங்காவாகக் கருதப்படுகிறது என்பதும் எனக்குப் பிற்காலத்தில் தெரிய வந்தவை. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே டைனோசர் இருக்கிறது என்பது ஒன்றே.

அம்மா ரப்பர்ப் பால்மரம் வெட்டுபவர். அன்றைக்குப் பிரட்டு என்னும் காலை ஆள்கணக்கெடுப்புக்குப் போக வேண்டியதில்லை என்றாலும் வழக்கம்போல் நான்கு மணிக்கே எழுந்து புளிச்சோறு கிளறி, நெத்திலிச் சம்பல் வைத்து, வாழையிலையிலும் அதன்மேல் நாளிதழ்த் தாளிலும் பொட்டலம் கட்டினார். பத்துமலையில் 272 படிகளையும் ஏறி இறங்கினோம். இன்று அடிவாரத்தில் நிற்கும் பெரிய முருகன் சிலை 2006-இல் வந்தது. அன்று படிக்கட்டின் கீழே நின்றால் நேராகக் குகைவாய்தான் தெரியும். சாமி கும்பிட்டுவிட்டுப் போவதால் பூங்காவுக்குச் செலவழிக்கும் பணம் வீண்செலவாகாது என்று பாட்டிமார் பேருந்தில் பேசிக்கொண்டு வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மிமாலேண்ட் காட்டை ஒட்டிய சரிவில் இருந்தது. மலையிலிருந்து இறங்கும் நீரைக் கொண்டு நிரப்பிய அந்தப் பெரிய நீச்சல் குளத்தில் கால் வைத்தபோது உடல் நடுங்கியது. வாய்க்காலிலும் ஆற்றிலும் குளித்துப் பழகிய எங்களுக்கு, அடித்தரை தெரியும் நீரில் நிற்பதே புதுமையாக இருந்தது. மரங்களுக்கு இடையே நின்ற டைனோசர் உருவங்களைக் கண்டு என் தங்கை அலறியதும், கப்பளா (வேலைத் தலைவர்) வீட்டுப் பையன் அதன் காலைத் தொட்டுவிட்டு வந்து சிமெண்டு என்று எல்லோருக்கும் அறிவித்ததும் நேற்று நடந்ததுபோல் இருக்கின்றன. வழுக்கும் சறுக்குமரத்தில் நான் எத்தனை முறை இறங்கினேன் என்பதற்குக் கணக்கில்லை.

1994-இல் மிமாலேண்ட் மூடப்பட்டது. அந்த டைனோசர்கள் பாசி படிந்து, கொடி சுற்றிக் காட்டுக்குள் நிற்கும் படங்களை இணையத்தில் பலர் பார்த்திருப்பீர்கள். எனக்கு அந்தப் படங்களைப் பார்க்கும்போது டைனோசரைவிட அம்மாவின் நினைவே முதலில் வரும். நான் குளத்திலிருந்து எப்போது திரும்பிப் பார்த்தாலும் அவர் எங்கள் பைகளுக்குப் பக்கத்தில் மர நிழலில் உட்கார்ந்திருந்தார் என்றே என் மனத்தில் பதிந்திருக்கிறது. 5 வெள்ளி கொடுத்து வந்தவர் எதையும் பார்க்காமல், எதிலும் ஏறாமல், பைகளுக்குக் காவல் இருந்துவிட்டுத் திரும்பினார் என்ற வருத்தம் எனக்கு நெடுநாளாக உண்டு. அவர் 2009-இல் காலமாகிவிட்டார். அன்றைய பயணத்தைப் பற்றி நான் அவரிடம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அந்தப் பேருந்தில் வந்தவர்கள் யாரேனும் இதைப் படித்தால் எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை, கூலாய்த் தோட்டத்தில் பிறந்து இவ்வூருக்கு மருமகளாக வந்தவர்

தம்பி, நான் உங்கள் பேருந்தில் வந்தவள் இல்லை. உங்களைவிட ஒரு தலைமுறை மூத்தவள். ஆனால் மூடிப்போன பூங்கா என்றதும் எனக்குச் சிங்கப்பூரின் நியூ வேர்ல்டு நினைவுக்கு வந்தது. ஜொகூர்த் தோட்டப் பிள்ளைகளுக்குக் கோலாலம்பூரைவிடச் சிங்கப்பூரே அருகில் இருந்தது. கூலாயில் இரயில் ஏறித் தஞ்சோங் பகார் நிலையத்தில் இறங்குவோம். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் தரிசனம் முடிந்த பிறகு அப்பா எங்களை நியூ வேர்ல்டுக்கு நடத்தியே அழைத்துப் போவார். 1923-இல் தொடங்கிய அந்தப் பூங்காவில் எங்களுக்கு உரியது ராட்டினமும் வேர்க்கடலையும் மட்டுமே. நாடக மேடைகள், நடன மண்டபம் ஆகியவற்றின் பக்கம் அப்பா எங்களைத் திரும்பவும் விடமாட்டார்.

நியூ வேர்ல்டு 1987-இல் மூடப்பட்டது. அந்த இடத்தில் 2009-இல் ஒரு பேரங்காடி எழுந்தது. பழைய நுழைவாயிலை மட்டும் எடுத்து அதன் பக்கத்துப் பூங்காவில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பேத்தியோடு போனபோது அந்த வாசலின் அடியில் நின்று படம் எடுத்துக்கொண்டேன். நாங்கள் வந்து இறங்கிய இரயில் நிலையமும் 2011-இல் சேவையை நிறுத்திக்கொண்டது.

ஈப்போவிலிருந்து ஒருவர்

எனக்குச் சொல்ல நீண்ட கதை இல்லை. மூடிய பூங்கா என்பது நம் தலைமுறைக்கு மட்டும் உரியதன்று என்பதற்காக இதை எழுதுகிறேன். ஈப்போவில் 2017 ஜூன் மாதம் திறந்த அசைபடப் பூங்கா 2020 ஜனவரியில் மூடப்பட்டது. அங்கே அசைபட நாயகன் போபோய்போய் உருவத்தோடு நின்று என் மகன் எடுத்துக்கொண்ட படம் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அவனுக்கு இப்போது பதினைந்து வயது.

கெந்திங் மலையில் வேலை செய்தவர், முன்பு ஏழாங்கட்டைத் தோட்டம்

நீங்கள் எல்லோரும் ஏறியவர்கள். நான் ஏற்றிவிட்டவன். எங்கள் தோட்டம் விற்கப்பட்டு லயங்களைக் காலி செய்யச் சொன்ன காலத்தில், 1999-ஆம் ஆண்டு, நான் கெந்திங் மலைக்கு வேலைக்குப் போனேன். வெளிப்புறக் கேளிக்கைப் பூங்காவில் கொள்ளையர் கப்பல் என்னும் ஊஞ்சல் கப்பலை இயக்கும் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தேன். வெயிலில் செம்பனைக் குலை தள்ளிக்கொண்டிருந்தவனுக்கு 6,000 அடி உயரத்துக் குளிர் பழக ஒரு வருடம் ஆயிற்று.

அந்த வேலையைப் பற்றி யாரும் கேட்டதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பூங்கா திறப்பதற்கு முன் ஆளில்லாமல் கப்பலை ஆட்டிப் பார்ப்போம். ஒவ்வொரு வரிசையிலும் மடியை அழுத்தும் கம்பியை ஏற்றி இறக்கி, பூட்டு விழும் ஓசையைக் காது கொடுத்துக் கேட்போம். ஆட்கள் ஏறிய பிறகு ஒவ்வொரு கம்பியையும் கையால் மேல்நோக்கி இழுத்துப் பார்த்த பின்னரே பொத்தானில் நிற்பவருக்குக் கட்டைவிரலைக் காட்டுவோம். உயரக் கோட்டுக்கு ஓர் அங்குலம் குறைந்து அழும் பிள்ளையைத் திருப்பி அனுப்புவதுதான் இருந்த வேலைகளிலேயே கடினமானது. மலையில் மூடுபனி எந்த நேரத்தில் இறங்கும் என்று சொல்ல முடியாது. எதிரில் இருப்பது தெரியாத அளவுக்குப் பனி சூழ்ந்தாலும், இடி மின்னல் வந்தாலும், வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் நிறுத்திவிடுவோம்.

நம் ஊர்ப் பேருந்துகள் அங்கேயும் வரும். ஒரு நாள் வரிசையில் நின்ற ஒரு பாட்டி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீ ஏழாங்கட்டைத் தீம்பார் தண்டல் மகன்தானே?" என்று கேட்டார். தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான ஆயாக்கொட்டகையில் என்னைப் பார்த்துக்கொண்டவர் அவர். தானும் ஏற வேண்டும் என்று நின்றார். கப்பலின் இரு முனைகளும்தான் மிக உயரத்துக்குப் போகும், நடு வரிசையில் ஆட்டம் குறைவு என்பதால் அவரை நடுவில் உட்கார வைத்து, பக்கத்தில் பேரனை அமர்த்தினேன். கப்பல் நின்ற பிறகு அவர் உடனே எழவில்லை. நான் பயந்து அருகில் போனபோது, "இன்னொரு தடவை முடியுமாப்பா?" என்றார். அன்று வரிசை நீண்டிருந்ததால் மறுபடியும் பின்னால் போய் நிற்கும்படிதான் சொல்ல முடிந்தது. அவர் போய் நின்றார். அரை மணி நேரத்துக்குப் பிறகு மீண்டும் ஏறினார். இந்த முறை முனை வரிசையைக் கேட்டார். நான் கொடுக்கவில்லை.

2013 செப்டம்பர் 1 முதல் அந்தப் பூங்கா மூடப்பட்டது. அதே இடத்தில் ஃபாக்ஸ் திரைப்பட நிறுவனத்தின் பெயரில் புதிய பூங்கா வருவதாக இருந்தது. 2018-இல் இரு தரப்புக்கும் வழக்கு மூண்டு, 2019-இல் சமரசமாகி, இறுதியில் 2022 பிப்ரவரி 8-ஆம் நாள் கெந்திங் ஸ்கைவேர்ல்ட்ஸ் என்ற பெயரில் திறந்தார்கள். நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. மகள் டிக்கெட் எடுத்துத் தருவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கிராணி (தோட்ட எழுத்தர்) வீட்டுக்கு எதிர் லயத்தில் இருந்தவர், இப்போது ராவாங்கில்

தம்பி, நான் அந்த 1986 பேருந்தில் வந்தவள். அப்போது எனக்குப் பதினாறு வயது. அதைச் சொல்வதற்கு முன்பு, பூங்கா என்று பெயர் இல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர்த் திடலுக்கு வரும் பன்ஃபேர் என்னும் நடமாடும் கேளிக்கைச் சந்தை என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் முந்தியது. அது மூடப்படவில்லை, மெல்ல மெல்ல வராமல் போனது. லாரிகளில் கழற்றி ஏற்றி வந்த ராட்டினத்தை இரண்டு நாளில் மாட்டி முடிப்பார்கள். சம்பள நாளுக்குப் பக்கத்தில்தான் வருவார்கள் என்பதை என் அப்பா கவனித்து வைத்திருந்தார். வளையம் எறிந்து சோப்புக் கட்டி வெல்வதற்காக அவர் செலவழித்த காசில் ஐந்து கட்டி வாங்கியிருக்கலாம் என்று அம்மா சொல்லுவார். ஆனாலும் வென்ற அந்த ஒரு கட்டியை அம்மா பல வாரங்களுக்கு எடுக்கவே இல்லை, சாமிப் படத்துக்குக் கீழே வைத்திருந்தார்.

ஒரு முறை ராட்டினம் ஆளேற்றுவதற்காக நின்றபோது நான் உச்சியில் இருந்தேன். கித்தா (ரப்பர்) மரங்களுக்கு அப்பால் நம் லயத்து விளக்குகள் ஒரே வரிசையாகத் தெரிந்தன. அங்கிருந்து பார்க்கும்போது நம் வீடு எவ்வளவு அழகாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவை எல்லாம் ஒரே நொடியில் அணைந்துவிட்டன. மணி பத்து. ஆலையில் மின்பொறியை நிறுத்திவிட்டார்கள். தினமும் பத்து மணிக்கு இருட்டில் உட்கார்ந்திருப்பவளுக்கு, அந்த இருட்டை வெளியிலிருந்து பார்த்தது அதுவே முதல் தடவை.

இனி உங்கள் அம்மாவைப் பற்றி. நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் கேட்கவில்லை. உங்கள் அம்மா அன்று முழுவதும் பைகளுக்குக் காவல் இருக்கவில்லை. சாப்பாடு முடிந்து நீங்கள் எல்லோரும் மறுபடி குளத்துக்கு ஓடிய பிறகு, பைகளை என் பாட்டியிடம் ஒப்படைத்துவிட்டு, என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஏரிப் பக்கம் போனார். அங்கே வாடகைப் படகுகள் இருந்தன. முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தாமே பணம் கொடுத்தார். எனக்கும் சேர்த்துத்தான் கொடுத்தார். பச்சைச் சேலை கட்டியிருந்தார். படகின் முன்பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையைத் தண்ணீரிலேயே வைத்திருந்தார். "சத்தமே இல்லை, பார்த்தியா" என்று ஒரு தடவை சொன்னார். வேறு ஒன்றும் பேசவில்லை.

கரை ஏறியதும், "என் பையன்கிட்டே சொல்லிடாதே, தானும் வேணும்னு அழுவான், கையில வேற காசு இல்லை" என்றார். நானும் சொல்லவில்லை. பிறகு திருமணமாகி ராவாங்குக்கு வந்துவிட்டேன், சொல்லவும் வாய்ப்பில்லாமல் போயிற்று. நீங்கள் குளத்திலிருந்து திரும்பிப் பார்த்தபோது மர நிழலில் இருந்தது என் பாட்டியாக இருக்கலாம். அவரும் பச்சை நிறத்தில்தான் கட்டியிருந்தார்.

தொடக்கப் பகிர்வை எழுதியவர்

அக்கா, நேற்றிரவு உங்கள் பதிலைத் தங்கைக்குத் தொலைபேசியில் முழுவதும் படித்துக் காட்டினேன். அந்தப் பச்சைச் சேலை அந்த ஆண்டுத் தீபாவளிக்கு எடுத்தது என்றும், அம்மா அதை வேறு எங்கும் கட்டிப் போனதாகத் தனக்கு நினைவில்லை என்றும் அவள் சொன்னாள். படகைப் பற்றி அவளுக்கும் தெரியவில்லை. அப்பாவுக்கும் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். தெரிந்திருந்தால் பிள்ளைகளிடம் சொல்லாமல் இருக்கக்கூடியவர் அல்லர் அவர்.

ஏழாங்கட்டை அண்ணனுக்கும் ஆசிரியை அம்மாவுக்கும் நன்றி. உங்களுக்குத் தனியாக நேரில் வந்து நன்றி சொல்ல வேண்டும், அடுத்த மாதம் ராவாங் வரும்போது வருகிறேன். அதற்கு முன் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் படகு எவ்வளவு நேரம் ஏரியில் இருந்தது என்று நினைவிருந்தால் எழுதுங்கள், அக்கா.