நெக்ரிலுக்கு இரண்டாம் முறை

சைன்ட் லூசியா என்ற கரீபியத் தீவுக்குப் போய்வந்ததை ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்ததிலிருந்து எனக்கும் கை பரபரக்கிறது. நாங்கள் போனது ஜமைக்கா, அதன் மேற்குக் கோடியில் இருக்கும் நெக்ரில். 2018 ஜனவரியில் ஒரு முறை, 2026 ஜனவரியில் அதே ரிசார்ட்டுக்கு இன்னொரு முறை. பார்த்த இடத்தையே எதற்கு மறுபடி பார்க்கிறீர்கள், அந்தக் காசுக்கு வேறு தீவு பார்த்திருக்கலாமே என்று கேட்காத ஆளில்லை. நேரில் யாருக்கும் ஒழுங்காகப் பதில் சொல்ல வரவில்லை, இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

நாங்கள் தங்கியது 'அடல்ட்ஸ் ஒன்லி' ரிசார்ட். அப்படிச் சொன்னதும் நம்மவர்களில் பலருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிடுகிறது, என் நாத்தனாருக்கும் அப்படித்தான் ஆனது. 18 வயது நிரம்பாதவர்களுக்கு அங்கே இடமில்லை, அவ்வளவுதான் அதன் அர்த்தம். நீச்சல் குளத்தில் பந்து வந்து தலையில் விழாது, சாப்பாட்டுக் கூடத்தில் யாரும் ஓட மாட்டார்கள், சாயங்காலம் கடல் சத்தம் கேட்கும். தங்குவது, சாப்பிடுவது, குடிப்பது, படகில் போவது எல்லாம் முன்னாலேயே கட்டிய பணத்தில் அடக்கம்.

எங்களுக்குக் கல்யாணம் ஆனது 1993இல், திருச்சியில். அன்றிலிருந்து வீட்டில் எப்போதும் ஆட்கள் இருந்தார்கள். மாமனார், மாமியார், இவருடைய தம்பி, அப்புறம் பிள்ளைகள். டொரன்டோ வந்த பிறகும் மாமியார் கடைசிவரை எங்களோடுதான் இருந்தார். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, நானும் கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவள்தான். ஆனால் நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஒரு வாரம் ஓர் இடத்தில் இருந்தோம் என்று அந்த 25 வருடத்தில் ஒரு தடவைகூட இல்லை. பிள்ளைகள் இரண்டும் சேர்ந்து பணம் போட்டு அந்த முதல் பயணத்துக்கு அனுப்பி வைத்தார்கள். போய் இறங்கி முதல் இரண்டு நாள் எங்களுக்குப் பேச ஒன்றும் இல்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, வீட்டு வாசலில் பனி விழுந்திருக்குமா, விழுந்திருந்தால் யார் தள்ளுவார்கள் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் நாள்தான் எல்லாம் மாறியது. நெக்ரில் கடற்கரைக்கு ஏழு மைல் கடற்கரை என்று பேர், அளந்தால் நாலு மைல் சொச்சம் வரும். மேற்குப் பார்த்த கரை, அலை அதிகம் இல்லை, வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவுதான் தண்ணீர். அங்கே படகுப் பக்கம் வேலை பார்த்த ஒருவர், நல்ல உயரம், நாற்பது வயது இருக்கும், நான் கரையோரமே நிற்பதை இரண்டு நாளாகப் பார்த்துவிட்டு வந்து மிதக்கக் கற்றுத் தரட்டுமா என்று கேட்டார். எனக்கு 47 வயது, பேன்ட்டும் முழுக்கைச் சட்டையுமாக நிற்கிறேன். சரி என்று சொல்லிவிட்டேன். ஒரு கையைப் பின்னந்தலைக்குக் கீழே வைத்துக்கொண்டு, "தலையை என்னிடம் விட்டுவிடுங்கள், காதுக்குள் தண்ணீர் போகும், போகட்டும்" என்றார். காது தண்ணீருக்குள் போனதும் வெளிச் சத்தம் எல்லாம் அறுந்து என் மூச்சு மட்டும் கேட்டது. அவர் எப்போது கையை எடுத்தார் என்றே தெரியாது. எழுந்து பார்த்தால் இவர் முழங்கால் தண்ணீரில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். "நீ சும்மா இருந்து நான் பார்த்ததே இல்ல" என்றார்.

அந்த மனிதர் இவரையும் கூப்பிட்டார். இவர் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார், முழங்காலைத் தாண்டவில்லை. அன்று ராத்திரி இரண்டு மணிக்கு மேல் பால்கனியில் உட்கார்ந்து காரணத்தைச் சொன்னார். இவர் எட்டாவது படிக்கும்போது ஆடிப் பெருக்குச் சமயம் காவிரியில் கூடக் குளித்த பையன் ஒருவன் போய்விட்டானாம். கையைப் பிடித்திருந்தாராம், பிடி நழுவிவிட்டதாம். 25 வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம், எனக்கு இது தெரியாது. பேசுகிற மாதிரி ஒரு ராத்திரி எங்களுக்கு வாய்க்கவில்லை என்பதுதான் நிஜம். கிளம்பும்போது அந்தப் படகுக்காரரிடம் திரும்ப வருவோம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

அப்புறம் பிள்ளைகள் படிப்பு, கோவிட், மாமியாரின் கடைசிக் காலம் என்று வருடங்கள் ஓடிவிட்டன. 2025 ஆகஸ்டில்தான் மறுபடி பதிவு செய்தோம். அக்டோபர் 28 அன்று மெலிசா புயல் அடித்தது. ஐந்தாம் வகைப் புயல், மணிக்கு 295 கிலோமீட்டர் வேகக் காற்று, ஜமைக்கா இதுவரை கண்டதிலேயே பலமான புயல். கரையைக் கடந்தது நெக்ரில் இருக்கும் அதே வெஸ்ட்மோர்லேண்ட் மாவட்டத்தில். பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு எங்காவது போங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். ரிசார்ட்டிலிருந்து, திறந்துவிட்டோம், ஆனால் சில வசதிகள் இன்னும் தயாராகவில்லை என்று தகவல் வந்தது. இவர் ஒரே வார்த்தையில் "போவோம்" என்று முடித்துவிட்டார். ஆளுக்கொரு 23 கிலோ பெட்டி. துணிமணியைக் கைப்பைக்குள் அடக்கிவிட்டு, பெட்டி முழுக்கச் சூரிய ஒளி விளக்கு, தார்ப்பாய், கூரைத் தகரத்துக்கான திருகாணி என்று அடுக்கினோம்.

மான்டேகோ பே விமான நிலையத்திலிருந்து நெக்ரில் 80 கிலோமீட்டர், முதல் தடவை ஒன்றரை மணி நேரத்தில் போய்விட்டோம். வழியில் லூசி என்று ஓர் ஊர், அதன் மணிக்கூண்டுக் கடிகாரம் சைன்ட் லூசியாவுக்குப் போக வேண்டியது, பேர்க் குழப்பத்தில் இங்கே வந்து இறங்கிவிட்டது என்று ஓட்டுநர்கள் எல்லோரும் சொல்வார்கள். இந்த முறை ஓட்டுநர் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. எந்தெந்த வீடு யாருடையது என்று காட்டிக்கொண்டே வந்தார். நீலத் தார்ப்பாய், நீலத் தார்ப்பாய், சாய்ந்த மின்கம்பம், மறுபடி நீலத் தார்ப்பாய். நெக்ரில் வந்ததும் பார்த்தால் கடற்கரை அப்படியே இருக்கிறது, மரங்களில் புதுத் துளிர் விட்டிருக்கிறது. அங்கே புயலின் அடி குறைவு. தெற்கே பிளாக் ரிவர் பக்கம்தான் ஊரே போய்விட்டது. ஆனால் ரிசார்ட்டில் வேலை செய்கிறவர்கள் கடற்கரையில் குடியிருப்பவர்கள் இல்லையே, அவர்கள் வீடெல்லாம் கரையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது.

வாசலில் இறங்கியதும் "வெல்கம் ஹோம்" என்றார்கள். திரும்பி வருகிறவர்களுக்கு அங்கே அப்படித்தான் சொல்வார்கள், வழக்கமான வார்த்தைதான். இருந்தாலும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

குறையையும் சொல்ல வேண்டும். கடல் பார்த்த அறை என்று பணம் கட்டியிருந்தோம், கொடுத்தது ஜெனரேட்டர் பக்கத்து அறை. மூன்று ராத்திரி அந்தச் சத்தத்தில்தான் படுத்தோம், இரண்டு நாள் வெந்நீர் வரவில்லை. நான் போய்க் கேட்டேன், நான்காம் நாள் மாற்றிக் கொடுத்தார்கள். கேட்க வேண்டியதைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் எங்களுக்கு முன்னால் நின்ற ஒருவர் வரவேற்பறைப் பெண்ணிடம் குரலை உயர்த்திய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பெண் வீட்டில் மூன்று மாதமாக மின்சாரம் இல்லை என்று பிற்பாடுதான் தெரிந்தது.

இனி, எழுத வேண்டும் என்று என்னைப் பிடித்து உலுக்குகிற விஷயத்துக்கு வருகிறேன். முதல் தடவை எங்கள் அறையைச் சுத்தம் செய்ய வந்த ஓர் அம்மா, என் நெற்றிப் பொட்டைப் பார்த்துவிட்டு, எங்கள் பாட்டிக்கும் இப்படி ஒன்று இருக்கும் என்று சொல்லியிருந்தார். பாட்டியின் அம்மா இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தவராம், ஃப்ரோம் பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்தாராம். 1845 மே 10 அன்று முதல் கப்பல் ஓல்ட் ஹார்பர் பேயில் வந்து நின்றதிலிருந்து எழுபது வருடத்தில் 36 ஆயிரம் பேர் போல ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போயிருக்கிறார்கள். பெரும்பாலும் கல்கத்தா வழியாகப் போன வடக்கத்தியர்கள், சென்னை வழியாகவும் சிலர். இந்த அம்மாவுக்குப் பூர்வீக ஊர் எது என்று தெரியாது, மொழியும் இல்லை. இந்த முறை வராந்தாவில் என்னைப் பார்த்ததும் கையிலிருந்த துண்டுகளைக் கீழே வைத்துவிட்டு, "பொட்டு வைத்த அம்மா" என்று கட்டிக்கொண்டார்.

அவருடைய விடுமுறை நாளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம், சவன்னா லா மார் பக்கம். பாதி வீட்டுக்குத்தான் தகரம் இருக்கிறது, மீதி தார்ப்பாய். இவர் அந்த அம்மாவின் மகனோடு திருகாணிகளை எடுத்துக்கொண்டு கூரைப் பக்கம் போய்விட்டார். பின்கட்டில் ஒரு பாத்தி நிறைய கீரை. அங்கே அதற்கு கலலூ என்று பேர். நான் கிட்டப் போய் ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்தேன், நம்ம குப்பைக்கீரை. நம் ஊரில் வரப்போரம் தானாக முளைத்துக் கிடக்குமே, அதுவேதான். புயலில் வாழை, ரொட்டிப்பலா எல்லாம் போன பிறகு விதை தூவி முதலில் வந்தது இதுதான், டிசம்பர் முழுக்க இதைத்தான் சாப்பிட்டோம் என்றார்.

அவர் தண்டை எடுத்து அடியில் கத்தியை வைத்து, கட்டைவிரலால் நாரைப் பிடித்து மேலே வரைக்கும் ஒரே இழுப்பாக உரித்தார். எங்கள் அம்மா தண்டுக்கீரையை உரிப்பது அப்படித்தான், ஒரு இம்மிகூட வித்தியாசம் இல்லை. யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். பாட்டி என்றார். நானும் ஒரு கத்தியை வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். தேங்காய் எண்ணெயில் வெங்காயம், தக்காளி, தைம் இலை, மேலே ஸ்காட்ச் பானெட் மிளகாயை உடைக்காமல் முழுசாகப் போட்டுக் கடைசியில் எடுத்துவிடுகிறார்கள். காரத்தைவிட வாசனைதான் அதிகம் இறங்குகிறது. அதோடு உப்பு மீன், கிட்டத்தட்ட நம் கருவாடு. அந்த உப்பு மீன் ஒரு காலத்தில் கனடாவின் கிழக்குக் கரையிலிருந்துதான் அடிமைகளுக்குச் சாப்பாடாகக் கப்பலில் வந்தது. நான் இப்போது இருக்கும் நாட்டு மீன், நான் பிறந்த ஊர்க் கீரை, இரண்டும் ஒரே சட்டியில். ரிசார்ட்டில் ஏழு நாளும் நன்றாகத்தான் சாப்பிட்டோம், ஆனால் என் நாக்கில் இன்னும் நிற்பது அந்தச் சட்டிதான்.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எல்லாம் உள்ளேயே இலவசம் என்று ஏழு நாளும் மதிலுக்குள்ளேயே இருந்துவிடாதீர்கள். வெளியே பழம் வெட்டித் தருகிற அம்மாக்கள், தெருவோரம் பிமென்டோ (ஆல்ஸ்பைஸ் மசாலா காய்க்கும் மரம்) விறகில் கோழி சுடுகிறவர்கள், இவர்களிடம் தினமும் ஏதாவது வாங்கிச் சாப்பிடுங்கள். ரிசார்ட் திறந்தாலும் இவர்கள் பக்கம் காசு வந்து சேரக் காலமாகிறது.

படகுக்காரரை மூன்று நாளாகத் தேடினேன். விசாரிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைந்தது, என்ன பதில் வருமோ என்று. நான்காம் நாள் வந்தார், சொந்த மீன்பிடிப் படகு உடைந்துபோனதால் அதைச் சரிபண்ண விடுப்பில் இருந்தாராம். தாடி நரைத்திருக்கிறது. என்னை அடையாளம் தெரியவில்லை, எட்டு வருடத்தில் எத்தனை பேருக்கு மிதக்கக் கற்றுக் கொடுத்திருப்பார். நான் அந்த நாளைச் சொல்ல ஆரம்பித்ததும் இவரைத் திரும்பிப் பார்த்து, "முழங்காலோடு நின்றவர்" என்றார். அப்புறம், "திரும்ப வருகிறேன் என்று எல்லோரும் சொல்வார்கள். நீங்கள் வந்திருக்கிறீர்கள்" என்றார்.

கடைசி நாள் சாயங்காலம் இவர் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் நடந்தார். முழங்கால், தொடை, இடுப்பு. நான் பின்னாலேயே போனேன். படகுக்காரர் அதே மாதிரி கையைப் பின்னந்தலைக்குக் கீழே கொடுத்தார். முதலில் இவர் உடம்பு முழுக்க விறைத்துக்கொண்டிருந்தது, கால் கீழே கீழே போனது, இரண்டு தடவை எழுந்து நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். மூன்றாவது தடவை அந்த மனிதர் அவசரமே இல்லாமல் ஏதோ மெதுவாகப் பேசிக்கொண்டே இருந்தார், அப்புறம் கையை எடுத்துவிட்டார். இவர் கிடந்தார். இரண்டு கையும் விரிந்து, விரல்கள் தளர்ந்து, வயிறு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டு.

"நீங்களும் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை" என்று சொன்னேன். காது தண்ணீருக்குள் இருந்தது, அவருக்குக் கேட்கவில்லை.