இரண்டு கணினியிலும் ஒரே விண்டோஸ் கீ காட்டுகிறது, மதர்போர்டு மாற்றலாமா?

கேள்வி:
வீட்டில் இரண்டு அசெம்பிள்டு டெஸ்க்டாப், ஒரு லேப்டாப். டெஸ்க்டாப் இரண்டிலும் விண்டோஸ் 10 ப்ரோ, 7-இலிருந்து இலவசமாக மாறியது. கீ காட்டும் மென்பொருளில் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே கீ, கடைசி ஐந்து எழுத்து 3வி66டி. ஒரே லைசன்ஸை இரண்டிலும் போட்டுவிட்டார்களா? ஒன்றில் மதர்போர்டு மாற்றி விண்டோஸ் 11-க்குப் போகணும். இந்தக் கீயைக் குறித்துவைத்தால் போதுமா?

பதில்:
ஒரே கீ என்பதை வைத்து யாரையும் சந்தேகப்பட வேண்டாம், அது இப்படி மாறிய எல்லாக் கணினிக்கும் மைக்ரோசாஃப்ட் போடும் பொதுக் கீ. ப்ரோ பதிப்பில் 3வி66டி என்றும், ஹோம் பதிப்பில் 8எச்விஎக்ஸ்7 என்றும்தான் முடியும். அதைக் குறித்துவைத்துப் பயனில்லை. அசல் உரிமம் உங்கள் வன்பொருள் அடையாளத்தோடு மைக்ரோசாஃப்ட் சர்வரில் இருக்கிறது. போர்டு மாறினால் அந்த அடையாளம் பொருந்தாது. ஆக்டிவேஷன் போய் 0எக்ஸ்சி004எஃப்211 பிழை வரும்.

ஆகவே போர்டைக் கழற்றும் முன்பே செய்யுங்கள்: முதலில் கணினிக்குத் தெளிவாக ஒரு பெயர் வையுங்கள், 'மாடி-டெஸ்க்டாப்' மாதிரி. பிறகு செட்டிங்ஸ், அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, ஆக்டிவேஷன் போய் மைக்ரோசாஃப்ட் கணக்கைச் சேருங்கள். டிஜிட்டல் லைசன்ஸ் உங்கள் கணக்கோடு இணைக்கப்பட்டது என்று அந்தப் பக்கத்திலேயே வரி மாறணும். மாறாமல் கழற்றாதீர்கள்.

புது போர்டில் ப்ரோவையே நிறுவுங்கள். ஹோம் போட்டால் ப்ரோ உரிமம் ஏறாது. அட்மின் கணக்கில் அதே மைக்ரோசாஃப்ட் ஐடியோடு நுழைந்து, ஆக்டிவேஷன் பக்கத்தில் ட்ரபிள்ஷூட் கொடுத்து, சமீபத்தில் வன்பொருள் மாற்றினேன் என்பதைத் தேர்ந்தெடுத்தால் கணினிப் பட்டியல் வரும். பெயர் வைக்கச் சொன்னது இதற்குத்தான். 'டெஸ்க்டாப்' என்று தொடங்கி ஏதோ எழுத்துகளில் முடியும் இரண்டு பெயர்களில் எது எது என்று அப்போது தெரியாது.

கேட்டவர்:
நன்றி சார். கமாண்ட் ப்ராம்ப்ட்டில், உரிம விவரம் காட்டும் எஸ்எல்எம்ஜிஆர், இடைவெளி, சாய்கோடு, டிஎல்ஐ கொடுத்தேன். ரீடெயில் சேனல், அதாவது கடையில் தனியாக விற்ற உரிமம் என்கிறது. அப்படியானால் மாற்ற உரிமை உண்டுதானே?

இன்னொரு பதில்:
அதை நம்ப வேண்டாம். அது அந்தப் பொதுக் கீயின் சேனல். உங்கள் விண்டோஸ் 7 எப்படி வந்தது என்பதுதான் முக்கியம். தனிப்பெட்டியில் டிவிடியோடு வாங்கிய முழுப் பதிப்பு என்றால் வேறு போர்டுக்குக் கொண்டுபோகலாம். கேபினெட்டில் ஸ்டிக்கர் ஒட்டி, கணினியோடு சேர்த்து விற்ற ஓஇஎம் உரிமம் என்றால் அது பழைய போர்டோடு முடிந்தது. புது லைசன்ஸுக்குப் பணம் ஒதுக்குங்கள். விண்டோஸ் 7 கீயை நேரடியாக அடித்துப் பார்க்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம், அந்த வழியை 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் மூடிவிட்டது.

லேப்டாப்பில் விண்டோஸ் நிறுவியே வந்திருந்தால் கவலை இல்லை. விண்டோஸ் 8 காலத்திலிருந்து வந்தவற்றில் கீ மதர்போர்டு சிப்பில் உள்ள பயாஸிலேயே இருக்கும், திரும்ப நிறுவும்போது தானாக எடுத்துக்கொள்ளும்.

ஆபீஸ் 2021 மாதிரி ஒருமுறை வாங்கும் கீ இருந்தால் அதற்குத்தான் கவனமாகக் குறிப்பு வேண்டும். நிறுவிய பிறகு கணினியில் கடைசி ஐந்து எழுத்து மட்டுமே தெரியும், முழுக் கீயின் 25 எழுத்தையும் திரும்ப எடுக்க முடியாது. கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் கீபாஸ்எக்ஸ்சி மென்பொருளில் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பதிவு போட்டு, முழுக் கீ, எந்த மின்னஞ்சல் கணக்கில் சேர்த்தது, பில் பிடிஎஃப் மூன்றையும் அதிலேயே இணைத்துவிடுங்கள். அந்தக் கோப்பின் ஒரு நகல் பென்டிரைவிலும் இருக்கட்டும்.